டொக்டரோ பி.ஏ.யோ: யாருக்குப் பதில் சொல்லப்போறம்?

(சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத்தமிழை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்னைக் கூப்பிட்டவை தந்த தலைப்பு, "டொக்டர் ஆகிறதா, பி.ஏ. ஆகிறதா?" எங்கட வீடுகளில பி.ஏ. எண்டால் ஒண்டில் கலைப் பட்டம், இல்லாட்டி அமைச்சருக்குப் பின்னால ஃபைல் தூக்கிக்கொண்டு போற ஆள். நான் பி.ஏ. படிக்கப்போறன் எண்டு சொன்னபோது பெரியம்மா, "அதுக்கேன் பிள்ளை ஒன்ராறியோவுக்குப் போறாய், இங்க மொன்றியலில அந்தப் பட்டம் இல்லையோ?" எண்டு கேட்டவ. நான் சொல்லுறது ஃபிசிஷியன் அசிஸ்டன்ட். நோயாளியை விசாரிக்கிறது, பரிசோதிக்கிறது, இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதுறது, காயத்துக்குத் தையல் போடுறது, சிகிச்சையைத் தொடங்குறது எல்லாம் செய்யலாம். ஆனால் ஒரு டொக்டரின் மேற்பார்வையில, அவர் ஒப்படைச்ச அதிகாரத்தில. கிழக்கு ஒன்ராறியோவில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில இந்த வேலையைத்தான் செய்யிறன்.

நான் இந்த ஊரில, ஜோன் அபட் கல்லூரியில சீஜெப் படிச்சனான். பியர்ஃபோன்சில வீடு. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில பிரெபோஸே. குளிக்க வார்க்கிறது, சாப்பாடு தீத்துறது, படுக்கையில திருப்பிவிடுறது எல்லாம் அவவின்ர வேலை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரிஞ்ச ஆஸ்பத்திரி உலகம் அம்மாவின்ர முதுகுவலியிலிருந்து பார்த்த உலகம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கதைக்க விரும்புறன்.

முதலில கணக்கைப் பாப்பம். "பி.ஏ. குறுக்கு வழி, டொக்டர் நீண்ட வழி" எண்டு எல்லாரும் சொல்லுவினம். கியூபெக்கில வளர்ந்த பிள்ளைக்கு அது அரைவாசிதான் சரி. இங்க உயர்பள்ளி முடிச்சு, சீஜெப் ரெண்டு வருஷம். ஆர்-ஸ்கோர் நல்லா இருந்து நேரடியாக மருத்துவத்துக்கு எடுபட்டால், மெக்கில்லில ஒரு ஆயத்த வருஷம், பிறகு நாலு வருஷம், குடும்ப மருத்துவத்துக்கு ரெண்டு வருஷ ரெசிடென்சி. மொத்தம் ஒன்பது. ரெசிடென்சியில சம்பளமும் வரும். நேரடியாக எடுபடாமல் முதல்ல ஒரு பட்டம் முடிக்கவேண்டி வந்தால் அது பதினொன்று ஆகும்.

பி.ஏ.க்கு வாங்கோ. நான் விண்ணப்பிச்ச காலத்தில மக்மாஸ்டரும் டொரொன்டோவும் பல்கலைக்கழகத்தில குறைஞ்சது ரெண்டு வருஷம் கேட்டவை. பிறகு ரெண்டு வருஷப் பயிற்சி. மனிடோபாவில ஒரு முழுப் பட்டம் முடிச்சிட்டு 26 மாதம். சீஜெப்பையும் சேர்த்தால் ஆறோ ஏழோ வருஷம். அதாவது, ஆர்-ஸ்கோர் கைகுடுத்த ஒரு பிள்ளைக்கு வித்தியாசம் ரெண்டு, மூண்டு வருஷம்தான். கியூபெக் வாசிகளுக்கு மருத்துவப் படிப்புக் கட்டணம் ஒன்ராறியோவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனவே "காலம் மிச்சம், காசு மிச்சம்" எண்டு மட்டும் நினைச்சு இந்த ஊரிலிருந்து பி.ஏ.க்குப் போறவை கணக்கைத் திரும்பவும் போட்டுப் பாக்கவேணும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்டு இருக்கு. கியூபெக்கில ராணுவத்துக்கு வெளியே பி.ஏ. எண்ட தொழிலுக்கு அங்கீகாரம் இல்லை. மனிடோபாவில 1999இலிருந்தே அதுக்குச் சட்டம் இருக்கு. மனிடோபா பல்கலைக்கழகமும் மக்மாஸ்டரும் 2008இல படிப்பைத் தொடங்கினவை. அல்பேர்ட்டா 2021இல ஒழுங்குமுறைக்குள்ள கொண்டுவந்தது. ஒன்ராறியோவில 2025 ஏப்ரல் 1இலிருந்து தான் மருத்துவர் கல்லூரி எங்களைப் பதிவு செய்யுது. கியூபெக் இன்னும் கதவைத் திறக்கேல்லை. ஆகவே இங்கயிருந்து பி.ஏ. ஆகிறதெண்டால் இங்கயிருந்து வெளிக்கிடுறது எண்டு அர்த்தம். அம்மா பியர்ஃபோன்சில, நான் ரெண்டு மணித்தியாலம் தள்ளி. அவ விழுந்தால் நான் கார் ஓட்டி வரவேணும். கண் திறந்துகொண்டு எடுத்த முடிவு இது. ஆனால் அந்த விலையை மாதாமாதம் கட்டுறன். படிப்புக் கண்காட்சியில தாற துண்டுப்பிரசுரத்தில இது இருக்காது.

அப்ப இந்தத் தொழில் எங்கயிருந்து வந்தது? அமெரிக்காவில 1965இல டியூக் பல்கலைக்கழகத்தில யூஜின் ஸ்டெட் எண்ட மருத்துவர் தொடங்கினார். முதல் வகுப்பில இருந்தவை நாலு பேர், எல்லாரும் கடற்படையில மருத்துவ உதவியாளராக இருந்தவை. போர்க்களத்தில உயிர் காப்பாத்தப் பழகினவை ஊருக்குத் திரும்பி வந்தால் வேலையில்லை. ஊரில டொக்டரும் இல்லை. ரெண்டையும் சேர்த்துப் பிறந்ததுதான் பி.ஏ. கனடாவிலயும் ராணுவம்தான் இதை வளர்த்தது. சிவில் ஆஸ்பத்திரிகளுக்குப் பிறகுதான் வந்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரியே 1917இல முதலாம் உலகப்போர்க் காயக்காரருக்காகத் திறந்ததுதான். 2016 ஏப்ரலில கியூபெக்குக்குக் கைமாறும் வரை கூட்டரசு நேரடியாக நடத்தின கடைசிப் படைவீரர் ஆஸ்பத்திரி அது. போரை எதிர்க்கிற எங்களுக்கு இதில ஒரு சங்கடம் இருக்கு. அதை மறைக்கத் தேவையில்லை. எங்கட சனத்துக்கும் இது புதிசில்லை. 2009இல வன்னியில விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களோடு நிண்டு காயம் கட்டினவை ஆர்? தாதியர், தொண்டர், சில மாதப் பயிற்சியோட வந்த இளையோர். பட்டம் இல்லாத அந்தக் கைகளின் கதையை நாங்கள் இன்னும் எழுதி முடிக்கேல்லை.

இலங்கையில "அப்போதிக்கரி" எண்ட சொல் உங்கட தாத்தா பாட்டிக்குத் தெரியும். முழு மருத்துவப் பட்டம் இல்லாமல், குறுகின பயிற்சியோட கிராம ஆஸ்பத்திரிகளை நடத்தினவை. பிறகு ஏ.எம்.பி., ஆர்.எம்.ஓ. எண்டு பெயர்கள் மாறினது. சனம் அவையை "டொக்டர் ஐயா" எண்டுதான் கூப்பிட்டது. கொழும்பில இருந்து பட்டதாரி டொக்டர் வரமாட்டன் எண்ட இடங்களில அவைதான் இருந்தவை.

இன்னும் பின்னால போங்கோ. 1847இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், அடுத்த வருஷமே எங்கட பொடியளுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில அது வளர்ந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலதான் வந்தது. 1860களில கிறீன் படிப்பைத் தமிழுக்கு மாத்தினார். அதுக்கு அவர் சொன்ன காரணங்களில ஒண்டு முக்கியம்: ஆங்கிலத்தில படிச்சவை அரசாங்க வேலை தேடி வெளியூர் போய்விடுகினம், தமிழில படிச்சவை கிராமத்தில சனத்தோட நிப்பினம். அவர் மதம் மாத்த வந்தவர், அதில எங்களுக்கு விமர்சனம் இருக்கு. ஆனால் அவர் எழுப்பின கேள்வி இண்டைக்கும் உயிரோட இருக்கு. ஒரு படிப்பு ஆளை ஊரோட கட்டிவைக்குமா, ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகுமா?

எங்கட சனத்துக்கு "டொக்டர்" எண்டது வெறும் வேலை இல்லை. 1971இல பல்கலைக்கழக அனுமதியில மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவருக்கு 229 எண்டு வெட்டினவை. தரப்படுத்தல் எண்டு நாங்கள் சொல்லுறது. ஒரு தலைமுறை தெருவுக்கு வந்ததுக்கு அது ஒரு காரணம். ஆகவே அம்மா அப்பா "டொக்டர் ஆகு" எண்டு சொல்லேக்க, அதில பறிபோன ஒரு கதிரையின் ஞாபகமும் இருக்கு. அதை நக்கலடிக்கக் கூடாது. ஆனால் இன்னொண்டும் உண்மை. அந்தக் கதிரைக்குப் போட்டி போடக்கூடிய நிலையில இருந்தது நல்ல பள்ளிக்கூடங்களுக்குப் போன, பெரும்பாலும் ஆதிக்கசாதிப் பிள்ளையள். ரியூஷன் காசு இல்லாத வீட்டில அந்தக் கனவே வரேல்லை. கலியாணச் சந்தையில "டொக்டர் மாப்பிள்ளை"க்கு என்ன விலை எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டத்தின்ர மரியாதையையும் உரிமைப் போராட்டத்தையும் ஒண்டாக்கிப் பாக்கிற பழக்கத்தை எங்கட தலைமுறை பிரிச்செடுக்க வேணும்.

சரி, எப்பிடி முடிவெடுக்கிறது? நான் நாலு கேள்வி வைச்சிருக்கிறன். என்னிட்டக் கேக்க வாற தம்பி தங்கச்சியளுக்கு இதைத்தான் சொல்லுறன்.

முதல் கேள்வி: கடைசிச் சொல் உன்னுடையதாக இருக்கவேணுமா? ஒருக்கா ஒரு அம்மா வந்தவ. "அந்தரமா இருக்கு பிள்ளை" எண்டா. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் அதைப் பதற்றம் எண்டு சொல்லியிருப்பார். எனக்கு எங்கட பேச்சில அந்தரம் எண்டால் உடம்பு முழுக்க எதையோ சொல்லத் தவிக்குது எண்டு தெரியும். உடனே ஈ.சி.ஜி. எடுத்து டொக்டரிட்டக் காட்டினன், இருதயப் பிரச்சினைதான். அந்த இடத்தில பி.ஏ. எண்ட வேலை எனக்கு முழுசாப் போதும். இன்னொரு நாள், இடுப்பெலும்பு முறிஞ்ச ஒரு தாத்தா. மோர்ஃபின் குடுக்கவேணும். ஒன்ராறியோவில கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை பி.ஏ. எழுத ஏலாது, டொக்டர்தான் எழுதவேணும். டொக்டரோ பக்கத்து அறையில ஒரு இருதயத்தைத் திரும்ப ஓட வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறார். தாத்தா கத்திக்கொண்டு இருக்கிறார், நான் கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கிறன். இந்த ரெண்டு நாளையும் தாங்கக்கூடிய ஆள்தான் பி.ஏ. ஆகலாம். ரெண்டாவது நாள் உன்னை வருஷக்கணக்கில எரிக்கும் எண்டால், அந்த எரிச்சலே உனக்கு வழிகாட்டி. மருத்துவத்துக்குப் போ. அது பேராசை இல்லை.

ரெண்டாவது கேள்வி: எந்த மண்ணில வாழப்போறாய்? கியூபெக்கில நிக்கவேணும், ஆனால் ஒன்பது வருஷ மருத்துவப் படிப்பும் வேண்டாம் எண்டால், பி.ஏ.யை மறந்துவிட்டு இன்னொரு கதவைப் பார். இதே ஜோன் அபட்டில மூண்டு வருஷத் தாதியர் படிப்பு இருக்கு. பிறகு பல்கலைக்கழகப் பட்டம், வேலை அனுபவம், மேற்படிப்பு எண்டு போனால் சிறப்புத் தாதி மருத்துவர், இங்க ஐ.பி.எஸ். எண்டு சொல்லுவினம். 2021 ஜனவரியிலிருந்து அவை தாங்களே நோயைக் கண்டறிஞ்சு சொல்லலாம், ஒரு டொக்டரின் நிழலில நிக்கத் தேவையில்லை. வழி குறுகினதில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலயும் வேலை செய்து சம்பளம் எடுத்துக்கொண்டு ஏறலாம். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. "டொக்டரோ பி.ஏ.யோ" எண்டு கேக்கிற எத்தனையோ பேர் இந்த மூண்டாவது கதவைத் தட்டியே பாக்கிறதில்லை, "நேர்ஸ்" எண்ட சொல் வீட்டில கீழ எண்டதால. பிரெஞ்சையும் சேர்த்துச் சொல்லுறன். கியூபெக்கில எந்தக் கதவால போனாலும் பிரெஞ்சு வேணும். அதை எதிரியாப் பாக்காதேங்கோ. கொத்-டெ-நேஜிலயும் பார்க் எக்ஸ்டென்ஷனிலயும் எங்களோட அடுத்த வீட்டில இருக்கிற ஹெய்ட்டிக்காரரோட, அல்ஜீரியரோட கதைக்கிற மொழி அது.

மூண்டாவது கேள்வி: ஆர் சம்பளம் தாறது, ஆரோட சங்கத்தில நிக்கப்போறாய்? இதை ஒரு தொழில் ஆலோசகரும் கேக்கமாட்டினம். ஒன்ராறியோவில பி.ஏ. தன்ர வேலைக்கு அரச காப்புறுதியிட்ட நேரடியாகப் பில் போட ஏலாது. சில இடத்தில ஆஸ்பத்திரி சம்பளம் தரும், சில இடத்தில டொக்டர்மாரே. அதாவது உன்னை மேற்பார்வை செய்யிற ஆள் உன்ர முதலாளியாகவும் இருக்கலாம். வர்க்கம் எண்டு புத்தகத்தில படிச்சதை அங்க சம்பளச் சீட்டில பாக்கலாம். டொக்டர்மாரோ பெரும்பாலும் சுயதொழில் செய்யிறவை போல, பார்க்கிற நோயாளிக் கணக்கில அரசிட்டக் காசு எடுக்கிறவை. அவையின்ர அமைப்புகள் எப்பவும் சனத்தின்ர பக்கம் நிண்டதில்லை. 1962 ஜூலையில சஸ்கச்சுவானில பொது மருத்துவக் காப்புறுதிக்கு எதிராக டொக்டர்மார் வேலைநிறுத்தம் செய்தவை. 1970 ஒக்டோபரில கியூபெக்கில ஸ்பெஷலிஸ்ட்மாரும் அதையே செய்தவை. தாதியரோ 1999 கோடையில சட்டத்தையே மீறித் தெருவில நிண்டவை. நீ எந்த அங்கியைப் போடுறியோ, அந்த அங்கியோட ஒரு வரலாறும் சேர்ந்து வரும்.

நாலாவது கேள்வி: நீ ஆருக்குப் பதிலாக வைக்கப்படுறாய்? ஆளில்லாத இடத்தை நிரப்புறது ஒண்டு, ஆளைக் குறைச்சுச் செலவு மிச்சம் பிடிக்கிறது வேறொண்டு. லண்டனில சொந்தக்காரர் இருக்கிறவைக்கு இந்தச் சண்டை தெரியும். 2023இல இங்கிலாந்து அரசு 2036-37க்குள்ள பி.ஏ.மாரைப் பத்தாயிரமாகக் கூட்டுவம் எண்டு திட்டம் போட்டது. அங்க "ஃபிசிஷியன் அசோசியேட்" எண்டு பெயர். டொக்டர் எண்டு நினைச்சுச் சனம் குழம்பினது, இளம் டொக்டர்மார் கொதிச்சவை. 2025 ஜூலையில வந்த லெங் அறிக்கை, பெயரை "அசிஸ்டன்ட்" எண்டு மாத்தச் சொன்னது. என்ன நோய் எண்டு இன்னும் தெரியாத நோயாளியை, தெளிவான விதிமுறை இல்லாமல், அவை முதல் ஆளாப் பாக்கக்கூடாது எண்டும் சொன்னது. அந்தச் சண்டையில ரெண்டு பக்கத்திலயும் தொழிலாளர். ஆளுக்கு ஆள் கடிச்சுக்கொண்டு நிக்க, பட்ஜெட் வெட்டினவை தப்பிவிட்டினம். ஆகவே வேலைக்கு எடுக்கேக்க கேள்: இங்க முதல்ல எத்தனை டொக்டர், எத்தனை தாதி இருந்தவை? இப்ப எத்தனை? நோயாளிக்கு என்னை ஆர் எண்டு சொல்லுவியள்?

இந்த அடுக்கு ஏணி பி.ஏ.யோட முடியிறதில்லை. 2020 வசந்தத்தில கியூபெக் முதியோர் இல்லங்களில ஆக்கள் செத்துக்கொண்டிருக்க, பத்தாயிரம் பிரெபோஸேக்கள் வேணும் எண்டு 375 மணித்தியாலப் பயிற்சி தொடங்கினவை. அம்மாவைப் போல ஆக்களை "காவல் தேவதைகள்" எண்டு முதலமைச்சர் தொலைக்காட்சியில சொன்னார். அகதிக் கோரிக்கையோட இருந்த பராமரிப்பாளருக்கு நிரந்தர வதிவுரிமைத் திட்டம் வந்தது. ஆனால் நோயாளியை நேரடியாகத் தொட்டுப் பராமரிச்சவைக்கு மட்டும். அதே கட்டடத்தில நிலம் துடைச்சவை, சமைச்சவை வெளியில. ஆர் "மருத்துவப் பணியாளர்", ஆர் இல்லை எண்டு ஒரு கோடு போடுறது அதிகாரம். டொக்டருக்கும் பி.ஏ.க்கும் இடையில இருக்கிற கோட்டைப் பற்றி ராத்திரி முழுக்கக் கதைக்கிற நாங்கள், கீழ இருக்கிற இந்தக் கோட்டைப் பற்றியும் கதைக்கவேணும்.

மாத்தி அமைக்க ஏலுமா? ஏலும், இதே நகரத்தில செய்திருக்கினம். 1936இல மொன்றியலில நோர்மன் பெத்யூன் கொஞ்ச டொக்டர், தாதியர், சமூகப் பணியாளரைச் சேர்த்துக்கொண்டு எல்லாருக்கும் பொது மருத்துவம் வேணும் எண்டு குழு தொடங்கினார். பிறகு சீனாவுக்குப் போய், விவசாயிகளின் பிள்ளையளுக்குக் குறுகின காலத்தில மருத்துவம் பழக்கினார். தன்ர கைத்திறனைத் தன்னோட பூட்டி வைக்காத டொக்டர். 1968இல பொயின்ட்-சென்ட்-சார்ல்சில மெக்கில் மாணவர்கள் ஒரு கிளினிக் தொடங்கினவை. கொஞ்சக் காலத்தில அந்த ஊர்ச் சனம் நிர்வாகத்தைத் தங்கட கையில எடுத்தது. கியூபெக்கின் சி.எல்.எஸ்.சி.களுக்கு அது ஒரு முன்மாதிரி. இண்டைக்கும் அதை ஊர்ச் சனம்தான் நடத்துது. அங்க டொக்டரும் இருக்கிறார், தாதியும் இருக்கிறார், ஆனால் கூட்டத்தில முடிவெடுக்கிறது குடியிருக்கிற ஆக்கள்.

ஆகவே என்ட முடிவு இதுதான். டொக்டர் ஆகப்போறியள் எண்டால் ஆகுங்கோ. எங்களுக்கு மோர்ஃபின் எழுதக்கூடிய, தமிழ் விளங்கக்கூடிய, அரச மருத்துவத்தை விட்டு ஓடாத டொக்டர்மார் வேணும். கியூபெக்கில 2025 ஏப்ரலில நிறைவேறின 83ஆம் இலக்கச் சட்டம் புதிசாப் பயிற்சி முடிக்கிற டொக்டர்மாரை முதல் ஐந்து வருஷம் பொதுத்துறையில நிக்கச் சொல்லுது. ஆறாவது வருஷம் எங்க நிப்பியள் எண்டது சட்டம் சொல்லுற விஷயம் இல்லை, உங்கட அரசியல் சொல்லுற விஷயம். பி.ஏ. ஆகப்போறியள் எண்டால் சங்கத்தைத் தேடுங்கோ. இல்லாட்டி தொடங்குங்கோ. நோயாளியிட்ட உங்கட பெயரையும் வேலையையும் ஒவ்வொரு தரமும் தெளிவாச் சொல்லுங்கோ. தாதி ஆகப்போறியள் எண்டால், வீட்டில ஆராவது முகத்தைச் சுழிச்சால், ஐ.பி.எஸ். சட்டத்தைப் பற்றி அவைக்கு விளங்கப்படுத்துங்கோ.

எந்த அங்கியைப் போட்டாலும், வார்டில உங்களுக்குக் கீழ ஆர் எண்டு பட்டியல் போட்டிருக்கினமோ, அவையின்ர சம்பளப் பேச்சுவார்த்தை நாளில அவையோட வாசலில நில்லுங்கோ. அதைச் செய்யிற டொக்டரும் தோழர்தான், பி.ஏ.யும் தோழர்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ. ஆர்-ஸ்கோர் பற்றியும் கேக்கலாம், வெக்கப்பட வேண்டாம்.